அரை டின் நீலம்

என் அண்ணன் கலீலுல்லா எதையும் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. துணி பேலைக் கட்டி வரும் சணல் கயிறு இரண்டு விரல் நீளம் இருந்தாலும் இன்னொன்றோடு முடிச்சுப் போட்டு உருண்டையில் சுற்றிவிடுவார். பேல் மேல் இருக்கும் இரும்புப் பட்டையைத் தட்டி நிமிர்த்திப் பரண் மேல் அடுக்குவார். காலண்டர் தாளைக் கிழித்தால், அதன் முதுகில் ஏதாவது எழுதித் தீர்க்கிற வரைக்கும் அது கடையை விட்டு வெளியே போகாது. அப்படிப்பட்ட மனுஷர் எழுபத்தொன்றாம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள், அரை டின் நல்ல பெயிண்டைப் பார்த்து, "தூக்கிப் போட்டுடுங்க" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு வாய்தான் நீளம், புத்தி அவ்வளவு நீளமில்லை என்று இவர் கிண்டல் செய்வார். அந்த ஒரு விஷயத்தில் இவர் சொன்னது சரிதான்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் சிராஜுதீன். மதகடிப்பட்டு கூட்டு ரோட்டில் எங்கள் அத்தா வைத்த ஜவுளிக் கடையில் அண்ணனோடு பதினோரு வருஷம் நின்றவர். அண்ணன் கல்லாவில் உட்காருவார். துணியை எடுத்துப் போடுவது, அளப்பது, கிழிப்பது, சாயங்காலம் எல்லாவற்றையும் மறுபடி மடித்து அடுக்குவது இவர் வேலை.

அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்தபோது நாங்கள் இரண்டு பிள்ளைகள்தான். "கடைய ரெண்டா வெட்டினா ரெண்டு பேருக்கும் இல்லாம பூடும் சல்மா. என் பேர்லயே இருக்கட்டும். நீயும் மாப்ளயும் இருக்கிற வரைக்கும் இது உங்க கடையும்தான்" என்றார் அண்ணன். நான் பாண்டிச்சேரிக்குப் போய், பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் முன்னால் உட்கார்ந்து, என் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கூடப் பிறந்தவர் வாயால் சொன்னதை எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு நிலம் கிடையாது, இருப்பதும் வாடகை வீடு. எங்கள் சோறு அந்தக் கடையில் இருந்தது. அந்தக் கடை எங்களுடையது என்பது அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

கடைக்குள் நுழைந்தால் முட்டி உயரத்துக்கு ஒரு பலகை மேடை, சுவருக்குச் சுவர். வாங்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டு, மேலே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் துணி பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் மாட்டுச் சந்தை. மாட்டை விற்றுவிட்டுக் கை நிறையப் பணத்தோடு வருகிறவர்கள் நேராக இந்த மேடையில்தான் வந்து உட்காருவார்கள். வேங்கைப் பலகை, அத்தா போட்டது. இருபத்தைந்து வருஷமாக ஆட்கள் உட்கார்ந்து எழுந்ததில் பலகை தேய்ந்து, ஆணித் தலைகள் தேயாமல் மேலே நின்றன. நடுவில் ஒரு பலகை வெயில் காலத்தில் வாயைப் பிளந்துகொள்ளும்.

காட்டேரிக்குப்பத்து மணியம்மாள் மகளுக்குச் சீலை எடுக்க வந்து, எழுந்தபோது அவள் கட்டியிருந்த சீலை ஆணியில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. "ஒரு பொடவ எடுக்க வந்து ஒரு பொடவ வுட்டுட்டுப் போறேன். நல்லா கீதுப்பா உங்க யாவாரம்" என்று அவள் ரோட்டில் நின்று பேசியதை டீக்கடை வரைக்கும் கேட்டார்கள். மேடையைச் சரி பண்ண வேண்டும் என்று இவர் நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் நான்கு வருஷமாக, "பாக்கலாம் மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் உடனே, "பண்ணிடலாம்" என்றார். மணியம்மாள் வாய்க்கு அவ்வளவு சக்தியா என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆள் வைக்கவில்லை. இவர் கல்யாணத்துக்கு முன்னால் வில்லியனூரில் ஒரு மரப் பட்டறையில் வேலை செய்தவர், மரத்தின் குணம் தெரிந்தவர். செவ்வாய்ச் சந்தை வியாபாரத்தைத் தவறவிட அண்ணனுக்கு மனசு வராது. அதனால் புதன்கிழமை கடையைச் சாத்தி அடுத்த திங்கள்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று பேச்சு. கடை திறந்திருக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் மேடை ஏறுவதில்லை. பத்து வயதில் இறங்கியவள் நான். கதவு சாத்தியிருக்கிறதே என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் மேலே விரித்திருந்த நைந்த ஜமக்காளத்தை உருட்டி எடுத்து, ஒவ்வொரு ஆணியாக உள்ளே இறக்கினோம். மறுநாள் சோடாக் காரத்தைக் கரைத்து ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். இருபத்தைந்து வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக வழிந்தது. என் பத்து விரலும் வெந்துபோயின. அந்தத் தண்ணீரைக்கூட இவர் பின்பக்கத்து வாய்க்காலுக்கு ஓட விடாமல் பழைய துணியால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தார். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் துடைத்து, காற்றாடக் காய விட்டோம். காய்ந்த பிறகு உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்ட வேண்டும். சரியான கோணத்தில் பிடித்தால் சுருள் சுருளாகத் தோல் வரும், கொஞ்சம் சாய்ந்தால் பலகையில் கோடு விழும். இவர் சுரண்டிய இடத்தை நான் உப்புத்தாளால் தேய்த்தேன். அடியிலிருந்து வேங்கையின் மஞ்சளும் சிவப்பும் எழுந்து வந்தபோது இவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க அத்தா நல்ல மரமாத்தான் பாத்து வாங்கியிருக்காரு" என்றார். எனக்கு அழுகை வந்தது. மரத்தூள் கண்ணில் விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

மேலே வார்னிஷ். முன்பக்கத்துப் பலகைக்கும் கால்களுக்கும் பெயிண்ட். அத்தா காலத்திலிருந்து அது சாக்லேட் கலர்தான். அண்ணன் வாங்கிக் கொடுத்த டின்னைத் திறந்தால் நல்ல நீலம்.

"இன்னா அண்ணே, நீலமா?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு மாத்தத்துக்கும்மா. ஒரே கலரப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சி."

இருபது வருஷமாக ஒரே குடையைத் தைத்துத் தைத்துப் பிடிக்கிறவருக்கு அலுத்துப்போச்சாம். நான் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. வார்னிஷ் கொஞ்சம் மிஞ்சியது, நீலம் அரை டின் மிஞ்சியது. எங்கள் கடை வழக்கப்படி மிஞ்சிய பெயிண்ட் மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடியைத் தட்டி இறுக்கி, டின்னைத் தலைகீழாகப் பரண் மேல் வைக்க வேண்டும். அடுத்த வருஷம் கீறல் விழுந்த இடத்துக்குத் தொட்டுவிட உதவும். நான் எண்ணெய்ச் சீசாவை எடுத்தேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா? தூக்கிப் போட்டுடுங்க" என்றார் அண்ணன்.

"அடுத்த வருஷத்துக்கு வேணாமா?"

"அடுத்த வருஷமா? அத அப்பப் பாத்துக்கலாம். பின்னால வாய்க்கால்ல ஊத்திட்டு டின்ன வீசிடுங்க."

சொல்லிவிட்டு அவர் தரையில் கிடந்த சணல் துண்டைக் குனிந்து எடுத்தார். பெயிண்டை வீசச் சொன்ன கை சணலைப் பொறுக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்படியும் எனக்கு விளங்கவில்லை.

இவர் வாய்க்காலில் ஊற்ற ஒப்பவில்லை. "சந்தைக்கு வர மாடெல்லாம் அந்தத் தண்ணியத்தான் மச்சான் குடிக்குது" என்றார். வில்லியனூர்ப் பட்டறையில் தூரிகை கழுவிய டர்பன்டைனை முதலாளி சாக்கடையில் ஊற்ற, அதைக் குடித்த ஓர் ஆடு இரண்டு நாள் நுரை தள்ளிச் செத்ததாம். அந்த ஆட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுததை இவர் மறக்கவே இல்லை. அண்ணன், "உன் இஷ்டம் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வார்னிஷை எதிரே டீக்கடை நடேசன் தன் பெஞ்சுக்கு வாங்கிக்கொண்டார். நீலத்தை வேண்டாம் என்றுவிட்டார். "நீல பெஞ்சுல குந்தினா ஆஸ்பத்திரியில குந்தின மாதிரி இருக்கும் பாய். டீ எறங்காது" என்றார். அதனால் இவர் டின்னை சைக்கிள் கேரியரில் கட்டி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். வீடு ஊரின் கடைசியில். கிணற்றுக்கு வெகு தூரத்தில், கொல்லையின் மேட்டில் இவர் ஒரு குழி வெட்டினார். மரம் அறுக்கிற சாமில்லிலிருந்து மரத்தூள் ஒரு மூட்டை கொண்டுவந்து, பழைய தகரத் தட்டில் பெயிண்டைக் கொட்டிப் பிசைந்து, புட்டு மாவு போல உதிர்த்து வெயிலில் வைத்தார். கல்லாக இறுகிய பிறகுதான் மண்ணுக்குள் போக வேண்டுமாம். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும் என்று ஒவ்வொன்றையும் வேலி மேல் விரித்தார். காலி டின்னின் அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டார்.

"டின்னு இன்னாங்க பாவம் பண்ணுச்சி?" என்றேன்.

"நல்ல டின்னுன்னு யாராவது எடுத்துகினு போய்க் குடிக்கிற தண்ணி புடிச்சி வப்பாங்க சல்மா."

முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் குடிதண்ணீருக்காக இவர் ஆணி அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எங்கள் சோற்றில் மண் விழுந்தாகிவிட்டது. எங்களுக்குத்தான் தெரியாது.

திங்கள்கிழமை காலை இவரும் நானும் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். நான் தரையில் தெறித்திருந்த நீலப் பொட்டுகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கதவு திறந்திருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேடையைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டவில்லை என்றதும் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் தடவினார்.

"பிரமாதமா வார்னிஷ் ஏத்தியிருக்கீங்க மேஸ்திரி" என்றார் இவரைப் பார்த்து. "பண்ருட்டி கடையிலயும் நமக்கு ஒரு மேட கீது. ஒரு நாளு வந்து அதையும் பாத்துக் குடுப்பீங்களா?"

இவர் ஒன்றும் புரியாமல் நின்றார். நான்தான், "நீங்க யாருங்க?" என்று கேட்டேன்.

"பலராமன். கலீல் பாய் சொல்லலியா? கடைய நாமதான் வாங்கியிருக்கோம். சித்திரை ஒண்ணாந்தேதி தொறக்கிறோம். நீலம் நமக்கு ராசி, கை மாறும்போது மேடை சுத்தமா, நீலம் அடிச்சி இருக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தேன். சொன்ன கலரையே அடிச்சி வச்சிருக்காரு. நல்ல மனுஷன்."

என் கையில் மண்ணெண்ணெய்த் துணி அப்படியே இருந்தது. இவர் மேடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பலராமன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கூலிக்கு வந்த புருஷன் பெண்டாட்டி என்று எங்களை நினைத்துக்கொண்டு, "டீ சொல்லட்டுமா?" என்றுகூடக் கேட்டார்.

அண்ணன் அரை மணி கழித்து வந்தார். பலராமன் டீக்கடைக்குப் போயிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

"எப்ப அண்ணே? அந்தாளு கல்லாவுல குந்தின பிறகா?"

"டவுன்ல ஒரு கடை அமஞ்சிது சல்மா. என் மச்சினனும் நானும் கூட்டா எடுத்திருக்கோம். இத வித்தாத்தான் அது. உங்கிட்ட சொன்னா நீ அழுவ, அத்தா கடைம்ப. அதான்."

"நொத்தேரு கிட்ட போறதுக்கு முன்னால எங்கிட்ட இன்னா சொன்ன, ஞாபகம் இருக்கா?"

அவர் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். கடையை விற்றது ஒரு பக்கம். நான்கு நாள் நாங்கள் மண்டியிட்டுத் தேய்த்ததை இந்த வாசலில் நின்று பார்த்தாரே, "விரலுக்குத் தேங்கா எண்ணெ போடு சல்மா" என்று அக்கறையாகச் சொன்னாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாங்குகிறவன் கேட்டபடி மேடையைச் சீர் பண்ணிக் கொடுக்க, கூலி இல்லாத இரண்டு ஆட்கள் அவருக்கு வேண்டியிருந்தது. எங்களை விற்கிற வேலையை எங்களைக் கொண்டே செய்துகொண்டார்.

"உங்கள நான் அப்படியே வுட்டுடல" என்றார் அண்ணன். "பலராமன் கிட்ட பேசியிருக்கேன். மாப்ளய இங்கயே வேலைக்கு வச்சிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

"மேடையோட சேத்தா?" என்று கேட்டேன்.

இவர் தூரிகையைத் துணியால் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு நான் வரமாட்டேன் மச்சான்" என்றார். பதினோரு வருஷத்தில் இவர் அண்ணனிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் தட்டைப் பார்த்தேன். நீலம் பாதிதான் இறுகியிருந்தது. நடுவில் இன்னும் ஈரம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அந்த மேடை முழுக்க அப்பிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். இவர் வாசலில் குறுக்கே நின்றார்.

"மேடை இன்னா பண்ணுச்சி சல்மா? அது நல்லா வந்திருக்கு."

வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடித் துண்டு பிடித்ததில் இவர் விரலிலெல்லாம் கீறல். வியாழக்கிழமை நீலம் முழுக்க இறுகிப்போனதும் இவர் அதைக் குழியில் போட்டு, மேலே ஓட்டை டின்னையும் வைத்து மண்ணால் மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்தினார். யார் ஏமாற்றினாலும் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கிற ஆள். எனக்கு அன்றைக்கு அதுவும் கோபமாகத்தான் இருந்தது.

பிறகு இவருக்கு வில்லியனூரில் பழைய பட்டறையிலேயே வேலை கிடைத்தது. காலையில் சைக்கிளில் போய் இருட்டியபின் வருவார். நான் வீட்டில் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் காஜா எடுக்க ஆரம்பித்தேன். அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகிற மாட்டு மணிச் சத்தம் கேட்டால் ஊசியைக் கீழே வைத்துவிடுவேன். கூட்டு ரோடு வழியாகப் போக வேண்டியிருந்தால் அந்தக் கடைப் பக்கம் திரும்பாமல் போவேன்.

நான்கு மாதம் அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆடி மாதம் ஒரு நாள் மதியம் வாசலில் வந்து நின்றார். சட்டை புதுசு, குடை மட்டும் அதே குடை. சண்டை போட வேண்டும் என்று நான் நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது. ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். தப்புப் பண்ணிட்டேன் சல்மா என்று வேண்டாம், எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தால்கூட நான் ஓடிப்போய்ச் சோறு போட்டிருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போட்டிருப்பேன்.

"அந்த நீல பெயிண்டு அரை டின்னு இருந்துதே, எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பெயிண்டா?" என்றேன்.

"டவுன் கடைக்குப் புதுசா ஒரு பெஞ்சி செஞ்சிருக்கேன். அரை டின்னு போதும். புதுசா எதுக்கு வாங்கணும்னுதான்."

"நீதான தூக்கிப் போடச் சொன்ன?"

"சொன்னேன். அன்னிக்கே நான் வீட்டுக்கு எடுத்துகினு போயிருப்பேன். கடைப் பரண் இருக்க, வீட்டுக்கு எதுக்குன்னு நீ கேப்பியே, அதான். மாப்ள அதயெல்லாம் தூக்கிப் போடற ஆளு இல்ல, பத்திரமா வச்சிருப்பாருன்னு எனக்குத் தெரியும்."

"போட்டுட்டோம் அண்ணே."

"சும்மா சொல்லாத."

நான் கொல்லைக்கு நடந்தேன், அவர் பின்னால் வந்தார். மேட்டைக் காட்டி, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன். தோண்டுவார் என்று நான் நினைக்கவில்லை. குடையை வேலியில் மாட்டிவிட்டு, புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு அவர் தோண்டினார். முதலில் ஓட்டை போட்ட டின் வந்தது. எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார், ஓட்டை வழியாக வெளிச்சம் அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அதன் அடியில் மரத்தூளோடு கல்லாக இறுகிய நீலக் கட்டிகள். ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். மண்வெட்டி முனையால் தட்டினார். அது உடையவில்லை.

அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். கட்டியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிப்போய், கண்கூடக் கலங்கியிருந்தது.

"எவ்ளோ நல்ல பெயிண்டு சல்மா" என்றார். "இப்படி வீணாப் போச்சே."

கடை விற்றது எங்களுக்குத் தெரிந்த அன்று, எங்களைப் பார்த்தபோது அந்த முகத்தில் இந்த வருத்தம் எங்கேயாவது கொஞ்சம் இருந்ததா என்று நான் நினைவில் தேடினேன். அன்றைக்கு இல்லை.